அன்றாட உறவுகளில் தாழ்மையைப் பழகுவது எப்படி: யாரிடம் தொடங்குவது, எந்த வரிசையில் போவது

ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலம் வந்தாலே, பக்கத்துக் கத்தோலிக்க வீடுகள் சேர்ந்து ஜெபிக்கும் அன்பியக் கூட்டத்தில் யாராவது ஒருவர், "இந்த வருஷம் தாழ்மையா இருக்கப் பழகப்போறேன்" என்று சொல்வார். நல்ல மனசோடுதான் சொல்கிறார். ஆனால் புனித வாரம் வருவதற்குள் அது கரைந்துபோகிறது. தொடங்குகிற இடம் தப்பாக இருப்பதுதான் காரணம் என்று எனக்குப் படுகிறது. குரலைத் தாழ்த்துவது, "நான் என்னங்க, ஒண்ணுமே இல்லாதவன்" என்று சொல்வது, பங்குச் சாமியார் முன்னால் கைகட்டி நிற்பது என்று ஆரம்பிக்கிறார்கள். மேலே இருப்பவருக்குப் பணிவது நமக்குச் சின்ன வயதிலிருந்தே பழக்கம், அதைத் திரும்பச் செய்வதால் புதிதாக ஒன்றும் நடக்காது.

யோவான் 13ஆம் அதிகாரத்தைப் பாருங்கள். "போதகர், ஆண்டவர்" என்று தன்னை அழைத்தவர்களுடைய காலை இயேசு கழுவினார். கீழே இருந்தவர்களிடம் குனிந்தார். அதனால் இந்த வழிகாட்டியின் வரிசையும் கீழிருந்து மேலே போகிறது: உங்களிடமிருந்து மரியாதையைக் கேட்டு வாங்க முடியாதவர் முதலில், பெரியவர்கள் கடைசியில். தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் பக்கத்து ஊர்களை மனதில் வைத்து எழுதுகிறேன், மற்ற ஊர்க்காரர்கள் தங்கள் ஊருக்குத் தகுந்தபடி மாற்றிக்கொள்ளுங்கள்.

தொடங்கும் முன் தேவையானவை

ஒரு நோட்டு. நீங்கள் செய்த நல்ல காரியங்களை எழுதுவதற்காக வாங்கினால் வாங்கவே வேண்டாம். யாருக்கு என்ன பாக்கி, யாரிடம் என்ன பேச்சு, இவ்வளவுதான் அதில் இருக்க வேண்டும்.

உண்மையைச் சொல்லக்கூடிய ஒரு ஆள். மனைவியாக இருக்கலாம், கணவராக இருக்கலாம், பள்ளிக்கூடக் காலத்து நண்பராக இருக்கலாம். உங்களிடம் சம்பளம் வாங்குபவரோ கடன் வாங்கியவரோ வேண்டாம். அவர் உங்கள் முகத்தைப் பார்த்துத்தான் பதில் சொல்வார்.

சரியான காலம். தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதன் பிப்ரவரியிலோ மார்ச் தொடக்கத்திலோ வரும், நம் பக்கம் சம்பா அறுப்பு முடிகிற சமயமும் அதுதான். நெல் போட்ட பணம் வங்கிக் கணக்கில் ஏறும், பழைய பாக்கிகளை நினைத்துப் பார்க்க வசதியான நேரம். ஆனால் 17 சதவீத ஈரப்பதத்துக்கு மேல் இருக்கிறது என்று கொள்முதல் நிலையத்தில் மூட்டை தேங்கிக் கிடக்க, வானம் மூடிக்கொண்டிருக்கும் நாளில் யாரிடமும் எதையும் பேசித் தீர்க்கப் போகாதீர்கள். அன்றைக்கு இரண்டு பக்கமும் கோபம் வேறு எங்கிருந்தோ வந்திருக்கும்.

முக்கியமான ஒன்று. வீட்டில் அடி வாங்கிக்கொண்டிருப்பவர்களுக்கு இந்த வழிகாட்டி இல்லை. அடிப்பவர் முன்னால் இன்னும் குனியச் சொல்லி எந்த நற்செய்தியும் கேட்கவில்லை. பெண்களுக்கான உதவி எண் 181 இரவும் பகலும் இயங்குகிறது, முதலில் அதை அழையுங்கள்.

1. ஒரே ஒரு ஆளைத் தேர்ந்தெடுங்கள்

"எல்லாரிடமும் தாழ்மையாக இருப்பேன்" என்று முடிவெடுப்பவர் யாரிடமும் இருப்பதில்லை. ஒரு ஆளை எழுதுங்கள். வயல் வேலைக்கு வருபவர், வீட்டில் பாத்திரம் தேய்க்கும் அக்கா, மருமகள், கடையில் வேலை பார்க்கும் பையன், படிப்பு ஏறாத தம்பி. இப்படி ஒருவர்.

ஒரே ஒரு கேள்வியை வைத்துத் தேர்ந்தெடுங்கள்: நான் எரிந்து விழுந்தால் எனக்கு ஒரு நஷ்டமும் இல்லாத ஆள் யார்? மேலதிகாரியிடம் எரிந்து விழுந்தால் வேலை போகும், சம்பந்தியிடம் விழுந்தால் உறவு போகும், அதனால் அங்கே நாக்கு தானாக அடங்கிவிடுகிறது. அடங்கத் தேவையில்லாத இடத்தில் அடங்குவதைத்தான் பழக வேண்டியிருக்கிறது.

புதிதாகத் தொடங்குபவர்கள் இங்கேயே ஒரு தப்பு செய்கிறார்கள். நீண்ட நாள் பகையாளியை முதல் ஆளாக எழுதிவிடுகிறார்கள், பெரிய தியாகமாகத் தெரிவதால். அது ஐந்தாவது படியில் வர வேண்டியது.

2. முதலில் கணக்கைத் தீருங்கள்

இந்தப் படியைத் தாண்டிக் குதிக்க எல்லாருக்கும் ஆசை, ஏனென்றால் இது பேச்சில் முடியாது, கையிலிருந்து போக வேண்டும். தூர் வாராத வாய்க்காலில் தண்ணீர் திறந்தால் கடைமடைக்கு எட்டாது. பாக்கியை வைத்துக்கொண்டு பேசும் இனிமையான பேச்சும் அந்த ஆளை எட்டுவதில்லை.

நோட்டில் எழுதுங்கள். நடவுக் கூலியில் பாக்கி உண்டா? "அடுத்த வாரம் தர்றேன்" என்று சொல்லி எத்தனை அடுத்த வாரம் போயிற்று? வரப்பை வருஷா வருஷம் அண்டை வெட்டும்போது பக்கத்து வயலை ஒரு சாண் தின்றிருக்கிறீர்களா? வாங்கிய பாத்திரம், வாங்கிய பணம், யாருடைய உழைப்புக்கோ நீங்கள் வாங்கிக்கொண்ட பெயர், எல்லாவற்றையும் எழுதுங்கள். வயல்களை அறுத்தவர்களுக்குக் கொடுக்காமல் பிடித்து வைத்த கூலி கூக்குரலிடுகிறது என்று யாக்கோபு 5:4 சொல்வதை நெல் விளையும் ஊரில் உட்கார்ந்து படிக்கிறோம், அது தூர தேசத்துக் கதை மாதிரி காதில் விழக்கூடாது.

கூலியைவிடப் பெரிய பாக்கி ஒன்று நிறைய வீடுகளில் இருக்கிறது, அக்கா தங்கைகளின் பங்கு. உயில் எழுதாமல் இறந்துபோன கிறிஸ்தவத் தகப்பனின் சொத்தில் மகனுக்கும் மகளுக்கும் சம பங்கு என்பது 1925ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டம். நடப்பது என்ன? "நகை போட்டுக் கட்டிக்கொடுத்தாச்சே" என்று சொல்லி, அம்மாவை விட்டு அழ வைத்து, பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கிவிடுகிறோம். தங்கை மனசு நிறைந்து விட்டுக்கொடுத்திருந்தால் அது வேறு. மனசில்லாமல் கொடுத்திருந்தால் அவளுக்கு நீங்கள் பொங்கலுக்குக் கொண்டுபோகும் சீர்வரிசையும் கும்பிட்ட கையும் அந்தக் கணக்கை மூடாது. அவளிடம் போய், "அன்னிக்கு உன் விருப்பத்தைக் கேட்காமலே கையெழுத்து வாங்கிட்டோம், இப்ப உட்கார்ந்து பேசுவோமா" என்று கேட்பது இந்த வழிகாட்டியிலேயே கடினமான வாக்கியம் என்று நினைக்கிறேன். அதைக் கேட்ட அண்ணன்களைப் பார்த்திருக்கிறேன், கேட்ட பிறகு அந்த வீட்டில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கிற விதமே மாறிவிடுகிறது.

வரி வசூலித்துப் பணக்காரரான சக்கேயு என்ன செய்தார் என்பது லூக்கா 19:8இல் இருக்கிறது. உடைமையில் பாதி ஏழைகளுக்கு, ஏமாற்றி வாங்கியது நான்கு மடங்காகத் திரும்ப. அழுததாகவோ தன்னைத் திட்டிக்கொண்டதாகவோ அங்கே ஒரு வரி கூட இல்லை. தொகையைத்தான் சொன்னார்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் அடைக்க முடியாது, சரி. அப்படியானால் தேதி சொல்லுங்கள், தவணை சொல்லுங்கள், சொன்ன தேதியில் கொடுங்கள். கொடுக்கும்போது நான்கு பேர் பார்க்கக் கொடுக்க வேண்டாம், "பாத்தியா, மறக்காம குடுக்கிறேன்" என்றும் சொல்ல வேண்டாம். கொடுப்பது அவருடைய பணம்.

3. கூப்பிடுகிற விதத்தை மாற்றுங்கள்

கணக்கு முடிந்த பிறகுதான் வாய். இந்த வரிசை மாறினால் "பாக்கியைக் கேட்டுடுவேன்னு மரியாதை குடுக்கிறார்" என்று எதிராளி நினைப்பார், நினைப்பது நியாயம்.

வேலைக்கு வரும் அறுபது வயதுக்காரரை உங்கள் வீட்டுப் பத்து வயதுப் பையன் பேர் சொல்லிக் கூப்பிடுகிறானா? "வா, போ" என்கிறானா? அவன் உங்களைப் பார்த்துக் கற்றான். நீங்கள் "வாங்க" என்று சொல்லத் தொடங்கினால், அவன் தாத்தா என்றோ பெரியப்பா என்றோ கூப்பிடத் தொடங்குவான். சொல்லிக் கொடுத்துப் பாருங்கள், சண்டை போடுவான். நீங்கள் மாறிப் பாருங்கள், அவனும் சேர்ந்து மாறிவிடுவான்.

அடுத்தது இடமும் டம்ளரும். அவருக்குத் தேநீர் கொல்லைப்பக்கம் போகிறதா, திண்ணைக்கு வருகிறதா? வீட்டில் மற்றவர்கள் குடிக்கும் சில்வர் டம்ளரிலா, அதற்கென்று ஒதுக்கிய டம்ளரிலா? சாதி பார்ப்பதில்லை என்று சொல்லும் கிறிஸ்தவ வீடுகளிலும் இந்த டம்ளர் தனியாக ஒரு மூலையில் கவிழ்ந்து கிடப்பதைப் பார்க்கலாம். பொன் மோதிரம் போட்டு வருபவருக்கு நல்ல இருக்கை, அழுக்கு உடையோடு வரும் ஏழைக்கு "அங்கே நில்" என்று சொல்வதை யாக்கோபு 2ஆம் அதிகாரத்தின் தொடக்கத்திலேயே கண்டிக்கிறார். கோவிலுக்குள் நடந்ததைப் பற்றிப் பேசினார், நம் வீட்டு வாசலுக்கும் அது பொருந்தும்.

இங்கே கவனம் தேவை. ஒரே நாளில் அவரைக் கையைப் பிடித்து இழுத்து நாற்காலியில் உட்கார வைத்து, வீட்டிலிருக்கும் எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டுகிறவர்கள் உண்டு. அந்த மனிதர் கூசிப்போய் நுனியில் உட்கார்ந்திருப்பார், எப்போது எழுந்து போவோம் என்று. அவருடைய கூச்சத்தில் உங்களுக்கு நல்ல பெயர் எடுக்கக் கூடாது. நாற்காலியைப் போட்டுவிட்டு "உட்காருங்க" என்று ஒரு தடவை சொல்லுங்கள். உட்காரவில்லை என்றால் விடுங்கள், நீங்களும் நின்றுகொண்டோ கீழே உட்கார்ந்தோ பேசுங்கள், நாளைக்கும் நாற்காலியைப் போடுங்கள்.

4. கேட்கப் பழகுங்கள்

யாக்கோபு 1:19: கேட்பதில் வேகம், பேசுவதில் பொறுமை, சினம் கொள்வதில் தாமதம். மூன்றும் அந்த வரிசையில்தான் வர வேண்டும், கேட்காதவர் பொறுமையாகப் பேசினாலும் அது உபதேசமாகத்தான் போகும்.

வழி சுலபம், பழகுவது கஷ்டம். எதிராளி பேசி முடிக்கும் வரை வாயைத் திறக்காதீர்கள். முடித்ததும், அவர் சொன்னதை உங்கள் வார்த்தையில் திருப்பிச் சொல்லி "இதானே சொல்றீங்க?" என்று கேளுங்கள். அவர் "ஆமா" என்று சொன்ன பிறகு உங்கள் பதில்.

முறை வைத்துத் தண்ணீர் விடும் சமயத்தில் வாய்க்கால் கரையில் இது எப்படிப் போகும் என்று பாருங்கள். பக்கத்து வயல்காரர் வந்து, "ராத்திரி என் மொறையில மடையை அடைச்சது நீதானே" என்கிறார். நம் வாய் உடனே, "போன வாரம் நீங்க என்ன பண்ணுனீங்க" என்று எழும். அதை விழுங்கிக்கொண்டு, "அண்ணே, ராத்திரி உங்க மொறை நேரத்துல தண்ணி வரல, நான் அடைச்சிருப்பேன்னு நினைக்கிறீங்க, அதானே?" என்று கேளுங்கள். பாதிச் சூடு அங்கேயே இறங்கும். அப்புறம் நடந்ததைச் சொல்லுங்கள். நீங்கள் அடைக்கவில்லை என்றால் அடைக்கவில்லை என்றே சொல்லுங்கள், செய்யாத தப்பை ஏற்றுக்கொள்வது பொய்தான். நீங்கள்தான் அடைத்தீர்கள் என்றால் அடுத்த படிக்கு அங்கேயே போய்விட வேண்டியதுதான்.

கணவன் மனைவிக்குள் ஒரு சின்ன விதியைச் சேர்த்துக்கொள்ளுங்கள். கைபேசி வேறு அறையில் இருக்கட்டும், "சரி, ஆனா…" என்ற சொல் அன்றைக்கு வேண்டாம். "சரி" என்று சொல்லி "ஆனா" போட்டால் முதலில் சொன்ன சரிக்கு மதிப்பில்லை. கணவர்களுக்குத்தான் இதை அதிகம் சொல்ல வேண்டியிருக்கிறது. மனைவி ஒரு கஷ்டத்தைச் சொல்லும்போது தீர்வு சொல்வதுதான் உதவி என்று நினைத்து, பாதியில் வெட்டித் தீர்ப்பு எழுதிவிடுகிறார்கள்.

5. மன்னிப்புக் கேட்பது

ஆடி ஆவணியில் நம் சாலைகளில் வேளாங்கண்ணிக்கு நடந்து போகும் கூட்டத்தைப் பார்க்கிறோம். ஆகஸ்ட் 29 கொடியேற்றத்துக்கோ செப்டம்பர் 8 திருவிழாவுக்கோ போய்ச் சேர, காலில் கொப்பளத்தோடு, கையில் ஜெபமாலையோடு நடக்கிறார்கள். அந்தப் பாதையில் பேச்சு வார்த்தை இல்லாத அண்ணன் வீடும் இருக்கும். அதைத் தாண்டித்தான் நடக்கிறோம். காணிக்கையோடு வரும்போது சகோதரனுக்கு உங்கள் மேல் மனத்தாங்கல் இருப்பது நினைவுக்கு வந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டுப் போய் முதலில் அவனோடு ஒப்புரவாகு என்கிறது மத்தேயு 5:23-24. கவனியுங்கள், உங்களுக்கு அவர் மேல் உள்ள கோபத்தைப் பற்றி அந்த வசனம் கேட்கவில்லை. அவருக்கு உங்கள் மேல் இருப்பதைக் கேட்கிறது.

போகும் முன்: தனியாகப் போங்கள். ஊர்ப் பெரியவரை, மாமாவை, அன்பியப் பொறுப்பாளரை அழைத்துப் போனால் அது பஞ்சாயத்து ஆகிவிடும், எதிராளி தன் பக்கத்துக்கு ஆள் தேடுவார். கல்யாண வீட்டில் கேட்காதீர்கள், கூட்டத்துக்கு முன்னால் மறுக்க முடியாமல் தலையாட்டுவார். நல்லதுக்குப் போகாவிட்டாலும் கெட்டதுக்குப் போக வேண்டும் என்பது நம் ஊர் வழக்கம், துக்க வீடு பேச்சு தொடங்க வாசல் திறந்துவிடும், அதைப் பயன்படுத்துங்கள். ஆனால் அன்றைக்குப் போய் நின்று, வேலை செய்துவிட்டு வாருங்கள், மன்னிப்புப் பேச்சைக் கருமாதி கழித்து வேறொரு நாளுக்கு வையுங்கள்.

என்ன சொல்வது? நம் ஊரில் வழக்கமாகச் சொல்லும் வாக்கியம் இது: "நான் ஏதாச்சும் தப்பு பண்ணியிருந்தா மன்னிச்சுக்கங்க." இது மன்னிப்பே இல்லை. தப்பு நடந்ததா என்பதையே கேள்வியாக்கிவிட்டு, பெருந்தன்மையை மட்டும் எதிராளியிடம் கேட்கிறது. இப்படிச் சொல்லிப் பாருங்கள்:

"அண்ணே, அப்பா காரியத்தன்னிக்கு எல்லார் முன்னாடியும் உங்களைக் கணக்குல ஏமாத்துறீங்கன்னு சொன்னேன். அது பொய், விசாரிக்காம சொன்னேன். உங்க பிள்ளைங்க முன்னாடி உங்க மானம் போச்சு. தப்பு என்னோடது. என்னை மன்னிக்கணும்."

நான்கு விஷயம் அதில் இருக்கிறது: என்ன செய்தேன், அது ஏன் தப்பு, அதனால் உங்களுக்கு என்ன நேர்ந்தது, தப்பு யாருடையது. "ஆனா நீங்களும்" என்பது கிடையாது. எல்லார் முன்னாலும் சொன்ன பொய்யை எல்லார் முன்னாலும் திருத்துவதும் இதில் சேர்த்தி. அண்ணன் சம்மதித்தால், அன்றைக்குக் கேட்டவர்களிடம் நீங்களே போய்ச் சொல்லுங்கள்.

பிறகு வாயை மூடிக்கொள்ளுங்கள். அவர் திட்டலாம், பழையதை எல்லாம் இழுக்கலாம், எழுந்து உள்ளே போய்விடலாம். "நான் இவ்வளவு இறங்கி வந்தும்…" என்று மனசு சொல்லும். அந்த நினைப்பு வந்தால் நீங்கள் விலை பேச வந்திருக்கிறீர்கள் என்று அர்த்தம். இயன்றால், உங்களால் முடிந்தவரை எல்லாரோடும் அமைதியாக வாழுங்கள் என்று உரோமையர் 12:18 சொல்கிறது. உங்களால் முடிந்தது அவ்வளவுதான், அவருடைய பங்கு அவர் கையில்.

பாவசங்கீர்த்தனத்தில் சொல்லியாயிற்று, அதனால் அவரிடம் போக வேண்டியதில்லை என்று நினைப்பவர்களும் உண்டு. சாமியார் பாவமன்னிப்புத் தருவார், அண்ணனுக்குப் போன மானத்தை அவர் எப்படித் திருப்பித் தர முடியும்? இரண்டும் வேண்டும்.

6. கீழே இருந்து வரும் சொல்லை வாங்கிக்கொள்ளுங்கள்

2 அரசர்கள் 5ஆம் அதிகாரத்தில் படைத்தலைவன் நாமானைத் தொழுநோயிலிருந்து காப்பாற்றியது யார் என்று பாருங்கள். வீட்டு வேலைக்கிருந்த ஒரு சிறுமி வழி சொன்னாள், அவன் கோபித்துக்கொண்டு திரும்பியபோது வேலைக்காரர்கள் சமாதானம் சொன்னார்கள். அவர்கள் பேச்சைக் கேட்டதால் யோர்தான் ஆற்றில் இறங்கிக் குணமானான்.

மகள் "அப்பா, நீங்க அம்மாகிட்ட அப்படிப் பேசியிருக்கக் கூடாது" என்றால் சொல்ல வேண்டியது "யோசிக்கிறேன்மா" என்பது மட்டும். மருமகள் குழம்பில் உப்பு அதிகம் என்றால் ருசி பாருங்கள். பாராட்டு வந்தாலும் இதே விதி: "ஐயோ, நான் ஒண்ணும் பண்ணல" என்று மறுத்து இன்னொரு தடவை சொல்ல வைக்காமல், "சந்தோஷம்" என்று சொல்லி வாங்கிக்கொண்டு நகருங்கள்.

7. இல்லை என்று சொல்லவும் தெரிய வேண்டும்

ஐந்து படி தாண்டியவர்களுக்கு இந்த ஆபத்து வருகிறது. எல்லாவற்றுக்கும் தலையாட்டத் தொடங்குகிறார்கள், வீட்டிலுள்ளவர்கள் அதைப் பயன்படுத்திக்கொள்கிறார்கள், ஒருநாள் மொத்தமாக வெடிக்கிறது. தலைமைக் குருவின் முன்னால் காவலன் அறைந்தபோது இயேசு, நான் தவறாகப் பேசியிருந்தால் எது தவறென்று காட்டு, சரியாகப் பேசியிருந்தால் ஏன் அடிக்கிறாய் என்று கேட்டார் (யோவான் 18:23). பிலிப்பி நகரில் தங்களை விசாரணையில்லாமல் அடித்துச் சிறையில் போட்டவர்கள் இரகசியமாக அனுப்பிவிடப் பார்த்தபோது, அவர்களே வந்து வெளியே அழைத்துப் போகட்டும் என்றார் பவுல் (திருத்தூதர் பணிகள் 16:37).

ஜாமீன் கையெழுத்து கேட்கும் மச்சானிடம், "மாப்ள, என்னால முடியாது, பிள்ளைங்க படிப்புக்கு வெச்சிருக்கேன்" என்று சாந்தமாகச் சொல்லலாம். காரணம் ஒரு வரி போதும். கூலி பாக்கியைக் கேட்கும் தொழிலாளிக்கு "தாழ்மையா இரு" என்று புத்தி சொல்லும் முதலாளி இந்த வழிகாட்டியின் இரண்டாவது படிக்குத் திரும்பிப் போக வேண்டும்.

8. கடைசியாகப் பெரிய இடங்கள்

பங்குப் பேரவை, திருவிழாக் கமிட்டி, கல்யாணப் பந்தி. விருந்தில் முதல் இடத்தைத் தேடாதே என்று லூக்கா 14:7-11இல் இருப்பதை முதல் பந்திக்கு இடித்துக்கொண்டு ஓடும் ஊருக்குத் தனியாக விளக்க வேண்டியதில்லை. பந்தியில் கொஞ்சம் பரிமாறுங்கள், பந்தி பரிமாறியவர்களோடு சேர்ந்து கடைசியில் சாப்பிடுங்கள். பேனரில் உங்கள் படம் இல்லாமல் ஒரு திருவிழா நடக்கட்டும். தேர்ப் பவனி முடிந்து பூச்சரமும் தண்ணீர்ப் பாக்கெட்டும் கிடக்கும் தெருவைப் பெருக்க ஆள் தேவைப்படும், அந்த வேலைக்குப் போட்டி இருக்காது. ஆனால் பெருக்கும்போது யாரையும் படம் எடுக்கச் சொல்லாதீர்கள்.

9. ராத்திரி நோட்டைப் பார்ப்பது

படுக்கப் போகும் முன் ஐந்து நிமிடம். இன்றைக்கு யார் பேச்சை வெட்டினேன்? யாருக்குக் கொடுக்க வேண்டியதைத் தள்ளிப்போட்டேன்? யாரை மரியாதையில்லாமல் கூப்பிட்டேன்? பேரை மட்டும் எழுதுங்கள், விளக்கம் வேண்டாம், விளக்கம் எழுத ஆரம்பித்தால் நம் பக்க நியாயம்தான் நிறையும். ஜெபத்தில் அந்தப் பேரைச் சொல்லுங்கள், காலையில் அவரிடம் போங்கள்.

வாரம் ஒரு தடவை, முதலில் சொன்ன அந்த உண்மை பேசும் ஆளிடம் கேளுங்கள்: "என்கிட்ட ஏதாவது மாறியிருக்கா?" இல்லை என்றால் ஏன் என்று வாதாடாமல், எந்தப் படியில் நிற்கிறது என்று மட்டும் கேட்டு அங்கேயே இன்னும் ஒரு வாரம் இருங்கள். நீங்கள் முதலில் எழுதிய அந்த ஒரு ஆள், நீங்கள் கேட்காமலே, உங்களோடு ஒத்துப்போகாத ஒரு கருத்தை உங்கள் முகத்துக்கு நேராகச் சொல்லத் துணிந்த நாளில், நோட்டில் அடுத்த பேரை எழுதிக்கொள்ளலாம்.